டாமி மெக்குக்: ஜமெய்க்கத் தீவின் சாக்ஸபோன் இசைஞர்

சாக்ஸபோன் என்னும் கருவி நமக்கு இன்று புதியதன்று. நாகசுர வித்வான் ஒருவருக்கு மகனாகத் தென்கன்னட நாட்டில் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் அக்கருவியைக் கண்டு ஆசை கொண்டார். பல்லாண்டு முயன்று, அதில் கருநாடக இசையின் கமகங்களைப் பேச வைத்தார். 2019ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை சபைகளிலும், கோயில்களிலும், வானொலியிலும் அவ்விசையை நாம் கேட்டு மகிழ்ந்தோம். 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்தின் வாயிலாக அது வீடுதோறும் புகுந்தது. மேனாட்டுக் குழலொன்று நம் இராகங்களுக்கு இசைந்து கொடுத்த வரலாறு அது.

அதே குழல், உலகின் மற்றொரு மூலையில், மற்றொரு மக்களின் இசைக்கும் உயிர் கொடுத்திருக்கிறது. கரீபியக் கடலிலுள்ள ஜமெய்க்கா என்னும் தீவில் பிறந்த 'ரெகே' இசையையே குறிப்பிடுகிறோம். ரெகே என்றவுடன் பாப் மார்லி என்னும் பாடகரின் பெயர் பலர் நினைவுக்கு வரும். அது தகுதியானதே. ஆனால், பாடகரின் குரல் எழுவதற்கு முன் அதற்கொரு தளம் அமைத்துக் கொடுத்தவர்கள் இருந்தனர். அவர்கள் பாடவில்லை, வாசித்தனர். அவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் டெனார் சாக்ஸபோன் இசைஞர் டாமி மெக்குக். அவர் வாழ்வு ஒரு தனி மனிதரின் வரலாறாக மட்டும் அமையாமல், பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற மக்கள் ஒரு புதிய இசையைப் படைத்த வரலாறாகவும் அமைந்திருக்கிறது. ஆதலின் அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். பெல்ஜிய நாட்டினரான அடால்ஃப் சாக்ஸ் என்பவர் இதனை உருவாக்கி, 1846இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனது. ஆயினும் எக்காளத்தின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஊதும் வாயில் மெல்லிய நாணற் பட்டை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அப்பட்டை அதிர்வதால் ஒலி பிறக்கிறது. நம் நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு உடையது. சாக்ஸபோனுக்கு ஒற்றை நாக்கு. ஆதலின் இரண்டும் உறவுடைய கருவிகளே எனலாம். சாக்ஸபோன் குடும்பத்தில் டெனார் என்பது நடுத்தரத்துக்குச் சற்றுத் தாழ்ந்த குரலுடையது. ஆண்மகன் நிதானமாகப் பேசுவது போன்ற ஒலி அதற்கு உண்டு.

ஜமெய்க்காவின் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 28 இலட்சம் அளவினது. மும்பை மாநகரின் மக்களில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 1655இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கொண்டு வந்து குவித்தனர். 1838இல் அடிமை முறை முற்றும் ஒழிந்த பின், 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் சென்றனர். இவ்வாறு வந்தேறிய மக்களே அந்நாட்டின் மக்களாயினர். வந்தவர்களின் வழியினரும் அங்கே நிலைத்து நிற்க இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனாமாக் கால்வாய் வெட்டுவதற்கும், கியூபாவின் கரும்பு வயல்களில் உழைப்பதற்கும் ஜமெய்க்கர் ஆயிரக்கணக்கில் வெளியேறினர்.

இந்தச் சூழலில்தான், 1927 மார்ச் 3ஆம் நாள், கியூபாவின் தலைநகரான ஹவானாவில் டாமி மெக்குக் பிறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. சர்க்கரை விலை வீழ்ந்தது. கியூபாவில் அயலார்க்கு வேலை அரிதாயிற்று. 1933இல் வேலையிடங்களில் பாதிக்குக் குறையாமல் கியூபாவில் பிறந்தவர்க்கே தர வேண்டும் என்று அந்நாடு சட்டமும் இயற்றியது. அதே 1933ஆம் ஆண்டில் ஆறு வயதுச் சிறுவராக மெக்குக் ஜமெய்க்கா வந்து சேர்ந்தார். பின்னாளில் அவருடன் இணைந்து வாசித்த மற்றொரு டெனார் இசைஞரான ரோலண்ட் அல்ஃபான்ஸோவும் 1931இல் ஹவானாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஜமெய்க்கா வந்தவர்தாம். ஒரு நாட்டின் இசையைத் தாங்கிய இரு தூண்களும் வேற்று நாட்டில் பிறந்தவை. வேலை தேடி மாநிலம் மாறி வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

மெக்குக்கின் வாழ்வில் திருப்பத்தை உண்டாக்கியது ஒரு பள்ளி. கிங்ஸ்டன் நகரின் சவுத் கேம்ப் சாலையில், ஜெஸ்ஸி ரிப்போல் என்னும் பெண்மணி 1880இல் ஓர் அனாதைச் சிறுமிக்கு அடைக்கலம் தந்து 'ஆல்ஃபா' என்னும் இல்லத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சிறுவர்களும் சேர்க்கப்பட்டனர். 1890இல் இங்கிலாந்திலிருந்து வந்த கருணைச் சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவியர் அதன் பணியில் இணைந்தனர். தாய் தந்தையரை இழந்தவர், வளர்க்க வழியற்ற ஏழைகளின் பிள்ளைகள், நீதிமன்றத்தால் அனுப்பப்பட்டவர் ஆகியோரே அங்கே இருந்த சிறுவர்கள். அச்சுத் தொழில், தையல், தச்சு, தோட்ட வேலை முதலியவற்றைக் கற்பித்தனர். இவற்றோடு இசையும் ஒரு தொழிலாகக் கற்பிக்கப்பட்டது என்பதே ஆல்ஃபாவின் சிறப்பு. 1892இல் முரசும் சிறுகுழலும் கொண்ட ஒரு சிறு குழு அமைந்தது. பின்னர்ப் பித்தளைக் கருவிகள் கிடைத்தன. நாளடைவில் அது முழுமையான வாத்தியக் குழுவாக வளர்ந்தது.

இதில் ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். இசையை அழகுக் கலையாகக் கருதியிருந்தால், ஏழைச் சிறுவனுக்கு அது எட்டாப் பொருளாகவே இருந்திருக்கும். சோறு போடும் தொழில் என்று கருதியதால் காலையும் மாலையும் ஒழுங்காகப் பயிற்சி நடந்தது. இசைக் குறிப்பைத் தாளில் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமை கட்டாயமாயிற்று. படைப்பிரிவு வாத்தியக் குழுக்களும், நடன அரங்குகளின் இசைக்குழுக்களும் ஆல்ஃபா மாணவர்களை அழைத்துக்கொண்டன. 1939இல் அங்கே பணிக்கு வந்த மேரி இக்னேஷியஸ் என்னும் சகோதரி, 2003இல் மறையும் வரை அச்சிறுவர்களின் இசைக்குத் தாயாக விளங்கினார். பல நாட்டு இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்து அவர்களைக் கேட்கச் செய்தார்.

பதினோராம் வயதில் ஆல்ஃபாவில் மெக்குக்கின் கையில் டெனார் சாக்ஸபோன் வந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1943இல், பதினாறு வயது நிரம்பிய அவர் எரிக் டீன்ஸ் என்பவரின் நடன இசைக்குழுவில் வாத்தியக்காரராகச் சேர்ந்தார். அக்காலத்தில் கிங்ஸ்டனின் விடுதிகளிலும் மன்றங்களிலும் செல்வர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் நடனமாடுவதற்கு அமெரிக்கப் பாணியில் வாசிக்கும் குழுக்கள் பல இருந்தன. எழுதி வைத்ததைப் பிழையின்றி வாசிப்பது அங்கே பணி. இளைஞர் மெக்குக் அப்பணியில் தேர்ந்தார்.

1954இல் பஹாமாத் தீவுகளின் நாஸோ நகருக்கு ஒரு குழுவுடன் சென்ற மெக்குக், அங்கிருந்து அமெரிக்காவின் மயாமி நகரை அடைந்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாயகத்துக்கு வெளியே கழிந்தன. அப்போதுதான் ஜான் கோல்ட்ரேன் என்னும் அமெரிக்க சாக்ஸபோன் மேதையின் வாசிப்பை அவர் கேட்டார். ஜாஸ் இசையில் எழுதப்பட்ட மெட்டு ஒரு தொடக்கமே. அதிலிருந்து புறப்பட்டு, வாசிப்பவர் தம் கற்பனையால் விரித்துச் செல்வார். நம் ஆலாபனையும் கற்பனைச் சுரமும் போன்றதோர் உரிமை அது. ஆல்ஃபா கொடுத்த ஒழுங்கின்மேல் ஜாஸ் கொடுத்த இவ்வுரிமையும் சேர்ந்தபோது மெக்குக்கின் கலை முதிர்ச்சி பெற்றது.

அவர் 1962இன் தொடக்கத்தில் நாடு திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஜமெய்க்கா விடுதலை பெற்றது. அவர் இல்லாத காலத்தில் நாட்டின் இசையுலகமே மாறியிருந்தது. விடுதிக்குச் செல்ல வசதியற்ற ஏழை மக்கள் தெருமுனைகளிலும் திறந்த வெளிகளிலும் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து ஆடினர். இரவு நேரங்களில் மயாமி, நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களின் வானொலி நிலையங்கள் தீவில் தெளிவாகக் கேட்டன. அவ்வழி வந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல்களை எல்லாரும் விரும்பினர். ஒலிபெருக்கிக் குழுக்களை நடத்தியவர்களுள் கிளெமென்ட் டாட், டியூக் ரீட் ஆகிய இருவர் பெரும் போட்டியாளர். அமெரிக்காவில் புதிய பாடல்கள் வேறு பாணிக்கு மாறவே, தாமே உள்ளூர் இசைஞரைக் கொண்டு இசைத்தட்டு உருவாக்க அவர்கள் முற்பட்டனர். இதிலிருந்துதான் ஜமெய்க்காவின் இசைத்தட்டுத் தொழில் பிறந்தது.

இத்தொழிலுக்குள் வர மெக்குக் முதலில் விரும்பவில்லை. அவர் மனம் ஜாஸில் தோய்ந்திருந்தது. டாட் வற்புறுத்தியதன் பேரில், ஜாஸ் தொகுப்பு ஒன்றைப் பதிவு செய்வதற்கு மட்டும் இசைந்தார். 1963இன் இறுதியில்தான் மக்கள் ஆடும் 'ஸ்கா' என்னும் புதிய இசையில் தம் முதற் பதிவைச் செய்தார். 'எக்ஸோடஸ்' என்னும் திரைப்படத்தின் மெட்டே அதற்கு அடிப்படை.

ஸ்கா என்பது யாது? அதனை நம் தாள மொழியில் விளக்குதல் எளிது. நாலு அடிகள் கொண்ட விரைவான ஒரு தாளத்தை மனத்தில் கொள்க. நாம் கைதட்டும் இடங்களில் அழுத்தம் விழுவது இயல்பு. ஸ்காவிலோ ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள அரை இடத்தில் கிட்டாரும் பியானோவும் வெட்டி வெட்டி ஒலிக்கும். அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையைக் கேட்டிருக்கும் நமக்கு, அவ்விடத்தில் பிறக்கும் துள்ளல் புரியும். அத்துள்ளல் ஒவ்வோர் அடியிலும் தொடர்ந்து வந்தால் கால்கள் தாமே ஆடும். இந்த ஓட்டத்தின்மேல் சாக்ஸபோன்களும் எக்காளமும் டிராம்போனும் கூடி மெட்டை முழங்க, பிறகு ஒவ்வொருவராகத் தனி வாசிப்பில் இறங்குவர்.

1964இல் இத்துறையின் தலைசிறந்த வாத்தியக்காரர்கள் ஒரு குழுவாயினர். தலைமை மெக்குக்குக்கு வந்தது. விண்வெளியில் செயற்கைக் கோள்கள் சுழலத் தொடங்கியிருந்த காலம் அது. அவற்றைக் குறிக்கும் 'சாட்டலைட்ஸ்' என்னும் சொல்லில் தம் இசையின் பெயரைப் புகுத்தி 'ஸ்கேட்டலைட்ஸ்' என்று குழுவுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. மெக்குக்கும் அல்ஃபான்ஸோவும் டெனார் வாசித்தனர். ஆல்டோ சாக்ஸபோனில் லெஸ்டர் ஸ்டர்லிங், எக்காளத்தில் ஜானி மூர், டிராம்போனில் டான் டிரம்மண்ட், விசைப்பலகையில் ஜாக்கி மிட்டூ, பாஸ் கருவியில் லாயிட் பிரெவெட், முரசில் லாயிட் நிப் ஆகியோர் இருந்தனர். இவர்களுள் மெக்குக், டிரம்மண்ட், மூர், ஸ்டர்லிங் ஆகிய நால்வரும் ஆல்ஃபாவின் மாணவர்கள். அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய கலைக்கழகம் ஒன்றிலிருந்தன்று, கைவிடப்பட்ட சிறுவர்களின் இல்லத்திலிருந்தே விடுதலை பெற்ற நாட்டின் முதல் தேசிய இசை எழுந்தது.

கிங்ஸ்டனுக்குக் கிழக்கே வாரேக்கா மலைச்சரிவில் கவுண்ட் ஆஸி என்பவரின் தலைமையில் ரஸ்டஃபாரி சமயத்தார் ஆப்பிரிக்க மரபு முரசுகளை முழக்கி வழிபட்டு வந்தனர். மேட்டுக்குடியினர் இழிவாகக் கருதிய அவ்விடத்துக்கு மெக்குக்கும் அவர் தோழர்களும் சென்று, முரசுகளோடு சேர்ந்து விடிய விடிய வாசித்தனர். அடிமைகளாக வந்த முன்னோரின் தாளமும், ஹவானாவின் மெட்டும், ஆல்ஃபாவின் ஒழுங்கும், அமெரிக்க ஜாஸின் கற்பனையும் ஒன்றாயின.

ஸ்கேட்டலைட்ஸ் குழு வாழ்ந்தது சுமார் 14 மாதங்களே. பகலில் ஒலிப்பதிவுக் கூடம், இரவில் நடன அரங்கு என்று ஓய்வின்றி உழைத்தனர். டாட், ரீட் உட்படப் பல தயாரிப்பாளர்களுக்கு நூற்றுக்கணக்கான பதிவுகளைச் செய்தனர். வேறு பாடகர்களின் பாடல்களுக்கும் பின்னணி வாசித்தனர். 1965 ஜனவரியில் டான் டிரம்மண்ட் தம் காதலியைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். நெடுநாளாக மனநோயால் வருந்திய அவர், 1969இல் மனநல மருத்துவமனையிலேயே இறந்தார். இந்தப் பேரிடியும், பணம் பற்றியும் நிருவாகம் பற்றியும் எழுந்த பிணக்குகளும் குழுவைக் குலைத்தன. 1965 ஆகஸ்டில் குழு கலைந்தது. அவர்கள் வாசித்த 'கன்ஸ் ஆஃப் நவரோன்' என்னும் பதிவு 1967இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் நாற்பது இடங்களுக்குள் வந்தபோது, அப்புகழைப் பெற்றுக்கொள்ளக் குழுவே இல்லை.

கலைந்த குழுவினர் இரு பிரிவாயினர். அல்ஃபான்ஸோவும் மிட்டூவும் டாட்டிடம் சென்றனர். மெக்குக் 'சூப்பர்சானிக்ஸ்' என்னும் குழுவை அமைத்து டியூக் ரீடின் 'டிரெஷர் ஐல்' ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தலைமை இசைஞரானார். ரீட் முன்னாளில் காவல்துறையில் பணியாற்றியவர், மதுக்கடை நடத்தியவர். அக்கடையின் மாடியில்தான் கூடம் இருந்தது. 1966 அளவில் ஜமெய்க்க இசையின் வேகம் குறைந்தது. 'ராக்ஸ்டெடி' என்று அதற்குப் பெயர். நடை தளர்ந்ததும் பாஸ் கருவி முன்னுக்கு வந்தது. பாடகரின் இனிய குரல் தெளிவாகக் கேட்டது. குழல்களின் முழக்கம் பின்வாங்கியது. ஸ்காவில் சிங்கம்போல் ஒலித்த வாத்தியக்காரர் பலருக்கு இது தாழ்வாகப் பட்டிருத்தல் கூடும். மெக்குக் மாற்றத்தை ஏற்றார். பாட்டின் இரு வரிகளுக்கு நடுவில் விழும் இடைவெளியில் நாலைந்து சுரங்களை மட்டும் ஊதி, பாட்டை மேலும் அழகுபடுத்தினார். சில பதிவுகளில் புல்லாங்குழலும் வாசித்தார். கச்சேரியில் பாடகரை நிழல்போலத் தொடரும் வயலினை அறிந்த நாம், இப்பணியின் அருமையை உணர்வோம்.

ஜான் ஹோல்ட் இயற்றி, பாராகன்ஸ் குழுவினர் 1967இல் பாடிய 'தி டைட் இஸ் ஹை' என்னும் பாட்டுக்குப் பின்னணி வாசித்தவர்கள் சூப்பர்சானிக்ஸ் குழுவினரே. அதே பாட்டை 1980இல் பிளாண்டி என்னும் அமெரிக்கக் குழு மீண்டும் பாட, அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. உலகம் அறிந்தது இரண்டாவது பதிவையே.

1968 அளவில் ராக்ஸ்டெடி உருமாறி ரெகே ஆயிற்று. அக்காலத்தில் புதியதொரு பழக்கமும் தோன்றியது. பாடகரின் குரலை நீக்கிவிட்டு, எஞ்சிய தாளத் தளத்தை மட்டும் மீண்டும் பயன்படுத்துவர். அதன்மேல் மெக்குக் போன்றோர் புதிதாக சாக்ஸபோன் வாசிப்பர்; அல்லது வேறொருவர் பேசுவர். ஒரே தளம் பத்துப் பாட்டுகளுக்கும் இருபது பாட்டுகளுக்கும் பயன்பட்டது. 1970களில் தயாரிப்பாளர் பன்னி லீயின் 'அக்ரவேட்டர்ஸ்', சேனல் ஒன் கூடத்தின் 'ரெவல்யூஷனரீஸ்' முதலிய குழுக்களில் மெக்குக்கின் குழலை நாம் கேட்கலாம். இசைத்தட்டின் முகப்பில் பெரும்பாலும் பாடகரின் பெயர் இருக்கும். தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். குழல் வாசித்தவரின் பெயர் பலவேளை இராது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் வாத்தியக்காரர்க்குப் பதிவொன்றுக்கு இவ்வளவு என்று ஒருமுறைக் கூலி கொடுத்துக் கணக்கை முடிப்பதே வழக்கம். தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும், அத்தளத்தை எத்தனை முறை மீண்டும் பயன்படுத்தினாலும், வாசித்தவர்க்கு மேற்கொண்டு பங்கில்லை. ஜமெய்க்காவில் நடைமுறையில் இருந்ததோ 1911ஆம் ஆண்டின் பழைய ஆங்கிலப் பதிப்புரிமைச் சட்டம். நாட்டுக்கெனத் தனிப் பதிப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை உழைத்து ஓய்ந்துவிட்டது. கொத்தனாருக்குக் கூலி கொடுத்தபின் வீடு நம்முடையது என்று சொல்வதில் குற்றமில்லை. ஆனால் இசை, வீடு போன்றதா? வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக வாழ்கிறது. அவ்வாழ்வு வாசித்தவரின் மூச்சாலேயே ஆனது. இவ்வினா ஜமெய்க்காவுக்கு மட்டும் உரியதன்று. நம் திரையிசையில் பெயர் அறியப்படாமலே வயலினும் குழலும் தவிலும் வாசித்துச் சென்றோர் எத்தனை பேர் என்று எண்ணினால் இது விளங்கும்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1983இல், மாண்டிகோ பே நகரில் நடந்த 'ரெகே சன்ஸ்பிளாஷ்' விழாவில் ஸ்கேட்டலைட்ஸ் குழுவினர் மீண்டும் மேடையேறினர். பின்னர் அவர்களுட் பலர் அமெரிக்காவில் குடியேறி, அங்கிருந்து உலக நாடுகளுக்குச் சென்று வாசித்தனர். பழைய ஸ்காவைத் தேடிக் கண்டெடுத்த இளந்தலைமுறையினர் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அரங்குகளை நிறைத்தனர். 1990களில் குழுவின் தொகுப்புகள் இரண்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. அறுபத்தைந்து வயதைக் கடந்தும் மெக்குக் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். இதய நோய் வந்த பிறகே பயணத்தை நிறுத்தினார். 1998 மே 5ஆம் நாள் அட்லாண்டா நகரில் தமது 71ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கையில் மயங்கி விழுந்த ரோலண்ட் அல்ஃபான்ஸோவும் சில நாள்களில் இறந்தார். ஹவானாவில் பிறந்த இரு குழல்களும் ஒரே ஆண்டில் ஓய்ந்தன.

2018 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் ரெகே இசையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஆல்ஃபாவில் சிறுவர்கள் தங்கி வாழும் விடுதி 2014இல் மூடப்பட்டாலும், அவ்வளாகத்தில் இசைக் கல்வி தொடர்கிறது.

டாமி மெக்குக் ஹவானாவில் பிறந்து, கிங்ஸ்டனில் கற்று, நாஸோவிலும் மயாமியிலும் பிழைத்து, அட்லாண்டாவில் முடிந்தவர். ஓரிடத்தில் நிலைத்து வாழும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் சென்ற இடமெல்லாம் கேட்டதைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்ததைத் தம் மக்களின் தாளத்துக்குள் கொண்டு வந்து வைத்தார். ஊர் விட்டு ஊர் வந்தவர் தம் மரபை இழந்துவிடுவர் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. வந்தவர் கைவெறுமையாக வருவதில்லை என்பதற்கும், அவர் மூச்சு ஒரு நாட்டின் குரலாகவே மாறுதல் கூடும் என்பதற்கும் மெக்குக்கின் வாழ்வு சான்றாகும். இனி ரெகே பாட்டொன்று நம் செவியில் விழும்போது, பாடகரின் குரல் ஓயும் இடத்தில் சற்றே செவி சாய்ப்போமாக. அங்கே ஒலிக்கும் குழலை வாசித்தவர்க்கும் ஒரு பெயர் உண்டு.